பத்துக்கு ஒன்பது அறையில் மூன்று கட்டில்: வேலை நாட்குறிப்பு

ஏப்ரல் 5

டேப் பிடித்ததில் நீளம் 305 செ.மீ., அகலம் 275, தரையிலிருந்து கூரை 270. படுக்கப் போகிற பிள்ளைகள் மூன்று பேர்: 9, 7, 4 வயது. சட்டத்தோடு சேர்த்து ஒரு கட்டில் 98 செ.மீ. அகலம் பிடிக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 294. அறையின் அகலமே அவ்வளவு இல்லை. ஆகவே மேலே ஒன்று, அதன் கீழே ஒன்று, அதற்கும் அடியில் இழுப்புக் கட்டில் ஒன்று.

ஒவ்வொரு சுவரையும் மூன்று உயரத்தில் அளக்க வேண்டும்: தரையோரம், இடுப்பளவு, தலைக்கு மேல். பூச்சு எங்காவது புடைத்திருக்கும். மூன்றில் சிறியதுதான் கணக்கு. தரையோர டைல் பட்டி சுவரைவிட 1.2 செ.மீ. வெளியே நிற்கிறது. இதை விட்டுவிட்டால் கட்டில் கால் பட்டியில் முட்டிக்கொண்டு, மேலே முழு நீளத்துக்கும் சந்து விழும். பின்கால்களின் அடியில் பட்டி அளவுக்கு வெட்டு எடுத்தால் தீர்ந்தது.

கதவு ஒரு குறுக்குச் சுவரில், ஜன்னல் எதிர்க் குறுக்குச் சுவரில். நெடுஞ்சுவர் ஒன்று வெறுமையாக இருக்கிறது; அடுக்குக் கட்டில் அங்கேதான். ஜன்னலை ஒட்டி மேல்படுக்கை வரவே கூடாது.

ஏப்ரல் 6

முதலில் முடிவாக வேண்டியது மெத்தையின் கனம். பலரும் கட்டிலைச் செய்துவிட்டுக் கடைசியில் மெத்தை தேடுகிறார்கள். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. அடுக்குக் கட்டிலில் ஒவ்வொரு உயரமும் மெத்தையிலிருந்து கிளம்புகிறது. மேல், நடு இரண்டுக்கும் 190 × 90, கனம் 12. இழுப்புக் கட்டிலுக்கு 180 × 80, கனம் 10. லேபிளில் போட்ட கனத்தை நம்பாமல் உறையோடு வைத்து அளக்கணும். தையல் போட்ட மேலுறை சில சமயம் ஒரு செ.மீ. கூட்டிவிடும்.

தரையிலிருந்து மேலே போகும் கணக்கு, செ.மீ.யில்:

இழுப்புக் கட்டில் பலகை 8, மெத்தையோடு 18. நடுக்கட்டில் பக்கச் சட்டத்தின் அடி 22. இந்த 4 செ.மீ. இடைவெளியில்தான் விரிப்பும் மடித்த போர்வையும் நுழைய வேண்டும். நடுக்கட்டில் ரீப்பர் (மெத்தையைத் தாங்கும் குறுக்குப் பட்டை) 29, மெத்தையோடு 41. மேல்கட்டில் பக்கச் சட்டத்தின் அடி 143. நடுவில் உட்காருகிறவருக்குக் கிடைக்கும் உயரம் 102, பெரியவரே தலை இடிக்காமல் உட்காரலாம். மேல் ரீப்பர் 155, மெத்தையோடு 167, தடுப்பின் உச்சி 185. மேல் மெத்தையிலிருந்து கூரைக்கு 103 மிச்சம்.

இப்போது 12க்குப் பதில் 20 செ.மீ. மெத்தையைப் போட்டுப் பார்த்தால், மெத்தைக்கு மேல் 18 நின்ற தடுப்பு 10 ஆகிவிடுகிறது. அமெரிக்க விதி குறைந்தது 5 அங்குலம், அதாவது 12.7 செ.மீ., கேட்கிறது, ஐரோப்பியத் தரமான இஎன் 747 கேட்பது 16. ‘கொஞ்சம் மெத்தென்று இருக்கட்டுமே’ என்று மெத்தை மாற்றும் நாளில் யாருக்கும் தடுப்பு நினைவுக்கு வராது.

ஏப்ரல் 8

தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி வரைந்தாயிற்று. கட்டில் 202 × 98. இழுப்புக் கட்டில் வெளியே வந்தால் இன்னும் 85. இரவில் 183 போக மீதி 92. இரண்டு பேர் ஒதுங்கி நடக்கலாம். கதவு திறக்கும் வளைவையும் வரைய வேண்டும். கட்டில் மூடியிருக்கும் பகல் நிலைக்கு மட்டும் வரைவது போதாது. இரவு நிலைதான் அறையின் உண்மையான அளவு.

கால்மாட்டில் 103 செ.மீ. மிஞ்சுகிறது. அங்கே சுவரோடு 30 ஆழத்தில் கதவில்லாத தட்டு அலமாரி. பிள்ளைகளின் மடித்த துணிக்கு அது போதும், 60 செ.மீ. பீரோவைக் கொண்டுவந்தால் அறை செத்தது. தட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் 73. ஏணிக்கு அந்த இடம்.

நான்காவது பிள்ளை இருந்தால்? இரண்டு நெடுஞ்சுவரிலும் எதிரெதிரே இரண்டு அடுக்குக் கட்டில் போடலாம். நடுவில் 79 கிடைக்கும். ஆனால் இழுப்புக் கட்டில் அப்போது திறக்காது, அதை மறந்துவிட வேண்டும்.

ஏப்ரல் 9

மின்விசிறி. இதைக் கவனிக்காமல் மரம் வெட்டக் கூடாது. கூரை நடுவில் 120 செ.மீ. வீச்சு விசிறி தொங்குகிறது. சுவரிலிருந்து நடு 137, அதில் 60 கழித்தால் இறக்கையின் நுனி 77இல். கட்டில் 98 வரை வருகிறது. ஆக, இறக்கை 20 செ.மீ.க்குமேல் கட்டிலின் மேலேயே சுற்றும்; இறக்கை கூரையிலிருந்து 30 கீழே என்பதால் மேல் மெத்தைக்கும் அதற்கும் 73தான் இடைவெளி. பிள்ளை எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கினால் போதும். 90 செ.மீ. வீச்சுக்கு மாற்றினாலும் நுனி 92இல் வருகிறது, தப்பவில்லை. கூரை விசிறியைக் கழற்றிவிட்டு, எதிர் நெடுஞ்சுவரில் கூண்டு போட்ட சுவர் விசிறி. வேறு வழி தேடி நேரம் போக்க வேண்டாம்.

ஏப்ரல் 12

மர வெட்டு. கால் 5 செ.மீ. கனம், உயரம் 187. பக்கச் சட்டம் 3 செ.மீ. கனம், மேல்கட்டிலுக்கு 14 அகலம், நடுக்கட்டிலுக்கு 10. உள் அளவு 192 × 92, மெத்தையைச் சுற்றி ஒரு செ.மீ. இடைவெளி. அதற்குமேல் விட்டால் மெத்தை நகர்ந்து ஒரு பக்கம் சந்து பெரிதாகும்.

ரீப்பர் 7 அகலம், 2 கனம், ஒரு கட்டிலுக்கு 14. இரு முனைகளிலும் இடம் விட்டுப் பரப்பினால் இடைவெளி 6 செ.மீ.க்குச் சற்று மேல். ஒவ்வொரு ரீப்பரையும் இரு முனையிலும் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். சும்மா வைத்துவிட்டால் கீழே படுத்திருப்பவன் காலால் உதைத்துத் தூக்கிவிடுவான். உதைக்காத பிள்ளை கிடையாது.

இழுப்புக் கட்டிலுக்கு 12 மி.மீ. பிளைவுட், அதில் 25 மி.மீ. துளைகள் வரிசையாக. துளை இல்லாவிட்டால் வியர்வை ஈரம் பஞ்சுக்கடியில் தங்கிப் பூசணம் பிடிக்கும்.

ஏப்ரல் 15

பூட்டு வேலை. கட்டிலைத் தலைமாட்டின் மேல் நிறுத்திப் பூட்டிவிட்டு நிமிர்த்தலாம் என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். 202 நீளம், 187 உயரம். மூலைக்கு மூலை 275. கூரை 270. பாதியில் சிக்கி நிற்கும். தலைமாடு, கால்மாடு இரண்டையும் நிற்க வைத்து, நடுவில் கீழ்ச் சட்டங்களை முதலில் பூட்டி, பிறகு மேல் சட்டங்கள்.

எட்டு மூட்டு, மூட்டுக்கு இரண்டு எம்8 போல்ட், நீளம் 100 மி.மீ., பேரல் நட் (சட்டத்துக்குள் குறுக்கே நுழையும் உருளை நட்), அகல வாஷர். மரத் திருகாணி இங்கே ஆகாது: சட்டத்தின் முனையில் இழை நீளவாக்கில் இருப்பதால் திருகாணிக்குப் பிடிமானம் குறைவு, ஆட்டம் கொடுக்கக் கொடுக்கத் துளை பெரிதாகிவிடும். எல்லா போல்ட்டையும் முக்கால் இறுக்கத்தில் விட்டு, மூலைக்கு மூலை இரு பக்கமும் அளந்து சமமாக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே கடைசி இறுக்கம். முதல் மூட்டையே முழுக்க இறுக்கினால் எட்டாவது மூட்டில் துளை ஒன்றாது.

மேல்தடுப்பு நான்கு பக்கமும் உண்டு, சுவர்ப் பக்கம் உட்பட. சுவரே தடுப்பு ஆகாது. கட்டில் இரண்டு விரல் நகர்ந்தாலும் பிள்ளை சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே இறங்கிச் சிக்கிக்கொள்ளும். தடுப்புச் சட்டங்களுக்கு இடையே 7 செ.மீ. அமெரிக்க விதியின் எல்லை 3.5 அங்குலம், 8.9 செ.மீ.; உடல் நுழைந்து தலை மாட்டாமல் இருக்க அந்த அளவு.

சுவரோடு இரண்டு இடத்தில் எல் கிளாம்பு. பூச்சே 2 செ.மீ. இருக்கும், திருகாணி செங்கலில் 5 செ.மீ. இறங்க வேண்டும், ஆகவே 80 மி.மீ.

ஏப்ரல் 16

ஏணி முன்பக்கம் வந்தால் இழுப்புக் கட்டில் வெளியே வராது. இரவில் இறங்குகிறவன் கால் கீழே தூங்குகிற பிள்ளை மேல் படும். அதனால்தான் கால்மாட்டில், செங்குத்தாக. சாய்வு ஏணி ஏற வசதிதான், ஆனால் அந்த 73 செ.மீ.யைத் தின்றுவிடும். செங்குத்துக்கு ஈடாகப் படிகள் தட்டையாக, 8 செ.மீ. அகலம், உருண்டைக் கம்பி வெறுங்காலில் வலிக்கும். படிகள் 28, 56, 84, 112, 140. அங்கிருந்து மெத்தை 27. மெத்தை 20க்குத் தடித்தால் இந்தக் கடைசி எட்டு 35 ஆகும். தூக்கக் கலக்கத்தில் இறங்கும் கால் அந்தப் படியைத் துழாவும். ஏறும் வாசல் 36 அகலம், அதன் ஒரு பக்கக் கால் கைப்பிடியாகும்.

மேலே 9 வயதுக்காரருக்கு. ஆறு வயதுக்குக் கீழே மேல்படுக்கை கிடையாது, எவ்வளவு அழுதாலும்.

ஏப்ரல் 17

இழுப்புக் கட்டில் சக்கரம் 5 செ.மீ., நான்கும் நேர்ச்சக்கரம். சுழலும் சக்கரம் போட்டால் ஒரு முனை முந்தி, பெட்டி கோணலாகிக் காலில் சிக்கும். பெட்டி 188, கால்களுக்கு நடுவே 192. சுவர் பக்கம் தரையில் ஒரு தடைக்கட்டை, பெட்டி போய்ச் சுவரில் இடிக்காமல்.

ஏப்ரல் 30

கிறீச் சத்தம் வந்தால் ரீப்பரைக் குறை சொல்வதற்கு முன் போல்ட்டைப் பார்க்கணும். புது மரம் முதல் இரண்டு வாரத்தில் அமுங்கும், வாஷர் தளரும். பதினாறையும் இறுக்கியாயிற்று. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதன் பிறகும் சத்தம் இருந்தால், சட்டமும் காலும் உரசும் இடத்தில் மெல்லிய ஃபெல்ட் துண்டு.

மேல்கட்டில் கால்மாட்டின் உட்புறம், ரீப்பரிலிருந்து 12 செ.மீ. உயரத்தில், அழியாத மையில் ஒரு கோடு. மெத்தை அதைத் தாண்டக் கூடாது.

ஜூன் 2

இழுப்பு மெத்தை பகலெல்லாம் மூடிக் கிடக்கிறது. காலையில் எழுந்தவுடன் உள்ளே தள்ளாமல் அரை மணி நேரம் வெளியே விட வேண்டும். வாரம் ஒருமுறை மெத்தையை நிமிர்த்திச் சாத்தி வைக்கலாம். சக்கர அச்சில் முடியும் நூலும் சுற்றியிருந்தன. பெட்டி கனத்து இழுப்பதற்கு அதுதான் காரணம், எண்ணெய் விட்டுப் பயனில்லை. பிளேடால் அறுத்து எடுத்தால் போதும்.