ஒரு வைக்கோல்போர், நான்கு பலகை: மோனே முறையில் வயல்வெளி ஓவியம்

பிரெஞ்சு ஓவியர் கிளாடு மோனே 1890 கோடை முடிவில் ஜிவெர்னி என்ற பிரெஞ்சுச் சிற்றூரில் தன் வீட்டை ஒட்டிய வயலில் இருந்த கதிர்ப்போர்களை வரையத் தொடங்கினார். 1891 மே மாதம் பாரிசில் ஓவிய வணிகர் துராந்த்-ருயலின் கூடத்தில் அவற்றில் 15 படங்கள் பார்வைக்கு வந்தன. ஜிவெர்னியில் இருந்தது கதிர் அடிக்காத கோதுமைக் கட்டு. நம் களத்துமேட்டுப் போர் நெல் உதிர்த்த வெறும் தாள். முறை ஒன்றுதான்: வெளிச்சம் மாறினால் பலகையை மாற்று, மறுநாள் அதே நேரத்தில் பழைய பலகைக்குத் திரும்பு.

பலகை 25 × 30 செ.மீ., ஜெஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு முறை, நடுவே ஒரு முறை உப்புத்தாள். 6, 8 எண் தட்டைப் பன்றிமுடித் தூரிகைகள். எண்ணெய் வண்ணம் ஆறு. மோனே 1905இல் ஒரு கடிதத்தில் சொன்ன பட்டியலே இது: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் (பாதரசம் கலந்த சிவப்பு), அடர் மேடர் (கருஞ்சிவப்பு), கோபால்ட் நீலம், விரிடியன் பச்சை. ஈயமும் பாதரசமும் விஷம் என்பதால் வெள்ளைக்கு டைட்டானியம், வெர்மிலியனுக்கு காட்மியம் சிவப்பு. டைட்டானியம் மற்ற நிறங்களை அமுக்கிவிடும். வழக்கமாக எடுப்பதில் பாதி போதும். மிஞ்சினால் நிழல் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் ஆகிவிடுகிறது.

முதல் பலகை, காலை 6.50, வீண். கோட்டுருவத்துக்கே 20 நிமிடம் போனதால், வண்ணம் ஏறும்போது நிழல் வெகுவாகச் சுருங்கிவிட்டது. புது நிழலைத் துரத்தித் திருத்தத் திருத்த, படத்தில் இரண்டு சூரியன். காரணம் கையின் வேகம் மட்டுமல்ல. டிசம்பர் கடைசியில் ஜிவெர்னியில் உச்சிவேளைச் சூரியனே 18 பாகைக்கு மேல் ஏறாது. தை மாதத்தில் நம் ஊரில் அந்த உயரத்தை விடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தாண்டிவிடும். மோனேவுக்கு நாளெல்லாம் கிடைத்த சாய்ந்த வெயில் இங்கே காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம்.

ஆகவே இரண்டாவதிலிருந்து ஒரு பலகைக்கு 15 நிமிடம், பின்புறம் பென்சிலில் மணி. முதல் இரண்டு நிமிடத்திலேயே நிழலின் விளிம்பைப் போட்டுவிட வேண்டும். பிறகு அதைத் தொடவே கூடாது. நிழலுக்குக் கறுப்பு கிடையாது: கோபால்ட் இரண்டு பங்கு, மேடர் ஒரு பங்கு, வெள்ளை கொஞ்சம். தரையோரம் துளி காட்மியம் சிவப்பு சேர்த்ததும் போர் மண்ணில் உட்கார்ந்தது. நிழல் மெல்லிசாக, வெயில் பட்ட இடம் கெட்டியாக. ஈர வண்ணத்தின்மேல் ஒரே இடத்தில் மூன்று தடவை தூரிகை போனால் சேறுதான்.

மூன்றாவது, களத்தில் பளிச்சென்று இருந்தது, வீட்டுக்குள் இருண்டது. பலகைமேல் நேர்வெயில் விழுந்தால் கண் ஏமாந்து அடர்த்தியாகவே கலக்கும். குடை வேண்டும், அதுவும் கறுப்பு. நீலத் தார்ப்பாய் பிடித்தால் வெள்ளைகூட நீலமாகத் தெரியும்.

நான்காவது, மாலை 5.40, தேறியிருக்கிறது. மூன்று மாலை, மொத்தம் 45 நிமிடம். மேடர் மெதுவாகக் காயும்; பத்து நாளாகியும் நிழல் பிசுக்கென்றுதான் இருக்கிறது. பலகைகளை அடுக்கும்போது நாலு மூலையிலும் தலைப்பெரிய குண்டூசி குத்தி இடைவெளி விட வேண்டியிருக்கிறது.