வட்டியைக் குறைத்தால் விலைவாசி குறையுமா? துருக்கி செய்து பார்த்தது

2021 செப்டம்பரில் துருக்கி மத்திய வங்கியின் வட்டி 19%. பணவீக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வட்டிதான் விலைவாசியை ஏற்றுகிறது என்று அடம்பிடித்தார் அதிபர் எர்டோகன். டிசம்பருக்குள் வட்டி 14%, பணவீக்கம் 36%.

வங்கியில் போட்ட 100 லிரா (துருக்கியின் பணம்), இதே வட்டி கிடைத்தால், ஆண்டு முடிவில் 114 ஆகும். 100 லிரா சரக்கோ, விலை இதே வேகத்தில் ஏறினால், 136 கேட்கும். அப்புறம் யார் லிராவை வைத்திருப்பார்கள்? டாலருக்கும் தங்கத்துக்கும் ஓடினார்கள். செப்டம்பரில் எட்டுச் சொச்சம் லிராவாக இருந்த டாலர், டிசம்பர் 20 அன்று 18ஐத் தொட்டது. எண்ணெயும் எரிவாயுவும் இறக்குமதி என்பதால் சரிவு நேரே கடை விலையில் ஏறியது. 2022 அக்டோபரில் பணவீக்கம் 85%.

அதன்பின் 8.5% வரை இறங்கியிருந்த வட்டியை 2023 ஜூனில் ஏற்றத் தொடங்கி, 2024 மார்ச்சில் 50%க்குக் கொண்டுபோனார்கள். அப்படியும் மே மாதம் பணவீக்கம் 75%. ஏற்றிய வட்டி விலையில் தெரிய மாதக்கணக்கில் ஆகும்.