216 பொத்தான், ஒரே ஹேண்ட்லர்

நேற்று ராத்திரி ‘ஙௌ’ மின்னிவிட்டது! மூன்று நாளாக என்னைத் தூங்கவிடாத பொத்தான்.

மகளுக்காக உயிர்மெய் அட்டை ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், எமுலேட்டரில் ஓடும் ஹைப்பர்கார்டில், அதாவது கார்டு கார்டாகத் திரை அமைக்கும் பழைய மேக் மென்பொருளில். கார்டு 512-க்கு 342 பிக்சல். 342-ஐ 18 மெய்க்குப் பங்கிட்டால் வரிசைக்கு 19, மிச்சமே இல்லை. அளவெடுத்து வைத்த மாதிரி. 12 உயிருக்குப் பத்திக்கு 42 போக, வலது ஓரத்தில் 8 பிக்சல் மிஞ்சும். எழுத்துகளைப் படமாக வரைந்து, மேலே ஒளிபுகும் பொத்தான்கள் போட்டேன். ஒலி வீட்டம்மாவின் குரல். பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் ஹார்ன் ஓய்வது விடியற்காலையில்தான், அப்போது எழுந்து பதிவு செய்தோம்.

216 பொத்தானிலும் ஸ்கிரிப்ட் கிடையாது. கிளிக் செய்து விரலை எடுத்ததும் வரும் ‘மவுஸ்அப்’ செய்தி அங்கே தங்க இடமில்லாமல் கார்டுக்கு ஏறிவரும். கார்டில் இருக்கும் ஒரே ஹேண்ட்லர், அதாவது செய்தியைப் பிடித்து வேலை செய்யும் நிரல்துண்டு, ‘தி டார்கெட்’டின் (செய்தி முதலில் போய்ச் சேர்ந்த பொருளின்) பெயரைப் பார்த்து ஒலியை எடுக்கும். ‘மீ’ என்றால் ஹேண்ட்லர் இருக்கும் பொருள், அதை எழுதினால் கார்டின் பெயர்தான் வரும். அந்த 8 பிக்சலில் கிளிக் செய்தாலும் டார்கெட் கார்டேதான், அதனால் பொத்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதுவரை சுகம். ஙகர வரிசையில் ‘ங’ தவிர்த்த 11 எழுத்தும் சொற்களில் வருவதே அரிது. அவை மட்டும் மின்னட்டும் என்று அந்தப் பொத்தான்களில் தனி ஹேண்ட்லர் எழுதினேன். மின்னின, ஒலி போய்விட்டது. பொத்தானே பிடித்துக்கொண்டால் செய்தி மேலே ஏறாது. சரி, மேலே அனுப்பச் சொல்லி முதல் வரியில் ‘பாஸ் மவுஸ்அப்’ போட்டேன். ஒலி வந்தது, மின்னல் போனது! “அப்பா, ஙௌ பேசுது, ஆனா மின்னல” என்றாள் மகள்.

ஹைலைட்டை மாற்றினேன், 10 டிக் (ஒரு டிக் வினாடியில் அறுபதில் ஒன்று) காத்திருப்பை 30 ஆக்கினேன், பொத்தானையே அழித்துப் புதிதாகப் போட்டேன். கோளாறு அங்கெல்லாம் இல்லை. ‘பாஸ்’ என்றால் செய்தியை மேலே அனுப்பிவிட்டு அடுத்த வரிக்குத் திரும்பி வருவதில்லை. அந்த ஹேண்ட்லர் அதோடு முடிந்தது. பகலில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் கை இது. அங்கே நாம் தடுத்தால் ஒழிய செய்தி தானாக மேலே போகும், நம் வரிகளும் கடைசிவரை ஓடும். 1987-இல் வந்த ஹைப்பர்கார்டில் எல்லாம் தலைகீழ்: பிடித்தால் நின்றது, பாஸ் சொன்னால்தான் நகரும். அந்த ஒரு வரியைக் கடைசிக்கு இறக்கினேன். மின்னியது, பேசியது.

எஸ்.பி. ரோட்டில் பழைய உருண்டை மவுஸ் ஒன்று 150 ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் கிளிக் சத்தமே தனி. இன்னொன்றும் வாங்கிவைக்க வேண்டும்.

அப்புறம், 12 உயிர், 18 மெய், ஆய்தம் என்று 31 எழுத்துக்கு இரண்டாவது கார்டு. ஹேண்ட்லரை ஸ்டேக்குக்கு, அதாவது கார்டுகளின் மொத்தக் கட்டுக்கு, ஏற்றிவிட்டால் இரண்டு கார்டுக்கும் அதுவே போதும். ஆனால் ழகர வரிசையில் இன்னும் நாலு ஒலி பதிவாகவில்லை, முதலில் அது.