ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அப்பத்தாவின் முகம்

2014-ஆம் ஆண்டில் நான் வண்ணப் பென்சிலால் வரைந்த தாத்தாவின் படம், எங்கள் மதுரை வீட்டின் முன்னறையில் மேற்குச் சன்னலுக்கு நேர் எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. 2023 பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக அதைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, வெற்றிலை போட்டுச் சிவந்திருந்த அவருடைய உதடுகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. கன்னத்தின் நிழலுக்காக இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து ஏற்றியிருந்த இடம் முழுவதும் வெளிறிப்போயிருந்தது. சட்டத்தின் விளிம்புக்கு அடியில் வெயில் படாமல் மறைந்திருந்த பகுதியில் மட்டும், அவர் தோளில் கிடந்த துண்டின் சிவப்புக் கரை வரைந்த அன்றிருந்தது போலவே இருந்தது.

அந்தப் படத்துக்குப் பிறகு நான் ஒரு முகம்கூட வரையவில்லை. பணியிட மாறுதல், மகன் பிறந்தது, அப்பாவின் நீண்ட நோய் என்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தாத்தாவின் முகத்தை இரண்டாம் முறை இழந்ததைப் போன்ற அந்த வருத்தம்தான் என்னை மறுபடியும் பென்சில் பெட்டியைத் திறக்க வைத்தது. ஆனால் அவரையே உடனே வரையத் துணிவு வரவில்லை. சித்தப்பாவின் மகன் ஊர்த் திண்ணையில் எடுத்து வைத்திருந்த அப்பத்தாவின் புகைப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். காலை வெயில் ஒரு பக்கமாக விழுந்திருந்ததால் அதில் சுருக்கங்கள், கண்குழி, கழுத்து நரம்பு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. நேருக்கு நேராக ஃப்ளாஷ் போட்டு எடுத்த படமாக இருந்திருந்தால் முகம் தட்டையாகியிருக்கும். நிழல் இல்லாத புகைப்படத்திலிருந்து உருவப்படம் வரைவது மிகவும் கடினம்.

முதல் முயற்சி இரண்டே வாரங்களில் வீணானது. எங்கே தவறினேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர்கள் பலரும் இதே இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். நான் பழைய வேகத்தில் நேராகக் கண்ணை வரையத் தொடங்கினேன். ஒன்பது ஆண்டுகளாகக் கையெழுத்துப் போடவும் படிவம் நிரப்பவும் மட்டுமே எழுதுகோலைப் பிடித்திருந்த கை, பேனாவை அழுத்துவது போலவே பென்சிலையும் அழுத்தியது. வண்ணப் பென்சில் காகிதத்தின் சொரசொரப்பில்தான் பிடித்து நிற்கிறது. முதல் இரண்டு அடுக்கிலேயே அழுத்தித் தேய்த்தால் அந்தச் சொரசொரப்பு மெழுகால் அடைபட்டு, மேற்பரப்பு வழவழப்பாகி, அடுத்த நிறம் ஏறாமல் வழுக்கும். அப்பத்தாவின் கன்னம் மெருகேற்றிய மண்பானையைப் போல மின்னியது. அதற்குமேல் எதைத் தீட்டியும் பயனில்லை. அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு, ஒரு மாதம் முகம் எதையும் வரைவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த ஒரு மாதமும் நாள்தோறும் அரை மணி நேரம், சிறு சிறு கட்டங்களில் ஒரே நிறத்தை மிக வெளிறிய நிலையிலிருந்து அடர்ந்த நிலை வரை பத்துப் படிகளாகத் தீட்டிப் பழகினேன். பென்சிலைக் கூரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்தால் அழுத்தம் தானாகவே குறைகிறது. கூர் மழுங்கிய பென்சில் காகிதத்தின் மேடுகளை மட்டும் தொட்டு வெண்புள்ளிகளை விட்டுவிடுகிறது என்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை சீவிக்கொள்ளும் பழக்கமும் திரும்பி வந்தது. பிறகு முட்டை வரைந்தேன், அதன் பின் கத்தரிக்காய். கத்தரிக்காய்தான் எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. சன்னலோரம் வைத்த அந்தக் காயின் மேல் விழுந்த ஒளிப்பொட்டு வெள்ளையாக இல்லை. வானத்தின் நீலம் அதில் படிந்திருந்தது. புகைப்படத்தை எடுத்துப் பார்த்தேன். அப்பத்தாவின் கறுத்த நெற்றியிலும் கன்ன எலும்பின் மேலும் அதே நீலம் இருந்தது. எத்தனையோ முறை பார்த்த படம் அது. அன்றுதான் அந்த நீலம் என் கண்ணில் பட்டது.

காகிதத்தையும் மாற்றினேன். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள, பருத்தி இழையால் ஆன, வழவழப்பான பக்கம் கொண்ட நீர்வண்ணத் தாள் பத்துப் பதினைந்து அடுக்குகளைத் தாங்குகிறது. விலை கூடுதல்தான், ஆனால் உருவப்படத்துக்கு அந்தச் செலவு தகும் என்பது என் உறுதியான கருத்து. இதற்கிடையில் என்னிடமிருந்த எல்லாப் பழைய பென்சில்களாலும் ஒரு நீளமான தாளில் கோடுகள் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, அதே மேற்குச் சன்னலில் ஒட்டி வைத்தேன். மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்தபோது, காவியும் பழுப்பும் அசையாமல் இருக்க, இளஞ்சிவப்பும் ஊதாவும் பாதிக்கு மேல் போயிருந்தன. தரமான ஓவியப் பென்சில்கள் பலவற்றில் இந்த ஒளித்தாங்கு திறனை உற்பத்தியாளரே குறித்திருக்கிறார். நான் பிறகு வாங்கிய ஃபேபர்-காஸ்டெல் பாலிகுரோமோஸ் பென்சில்களில் அது நட்சத்திரக் குறிகளாக அச்சிடப்பட்டிருக்கிறது. மூன்று நட்சத்திரம் இருந்தால் அந்த நிறம் நெடுநாள் நிற்கும். 120 நிறங்கள் கொண்ட முழுப் பெட்டி தேவைப்படவில்லை. தனித்தனியாகப் பார்த்து இருபத்திரண்டு பென்சில்கள் வாங்கினேன்.

ஏப்ரல் கடைசியில் இரண்டாம் முறை தொடங்கினேன். தனித் தாளில் கட்டம் போட்டு வரைந்து முடித்து, கோட்டை மட்டும் நல்ல தாளுக்கு மாற்றி, பிசைந்து பயன்படுத்தும் ரப்பரால் ஒற்றி ஒற்றி அரிதாகத் தெரியும் அளவுக்கு மங்கவைத்தேன். கரிக்கோடு அடியில் தங்கினால் மேலே வரும் வெளிர் நிறம் அழுக்காகிவிடும். அளவெடுக்கும்போது, மூக்கின் அடிக்கும் தாடைக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் பாடத்தில் படித்த கணக்குக்கு வரவே இல்லை. பல் விழுந்த வாய் உள்வாங்கி, தாடை மேலேறியிருந்ததே காரணம். கணக்கை விட்டுவிட்டு, புகைப்படத்தில் இருந்த அளவையே எடுத்துக்கொண்டேன்.

நரைமுடிக்கு, நிறம் தொடங்கும் முன்பே, மை தீர்ந்த பேனாவால் தாளில் மெல்லிய பள்ளக் கோடுகளைக் கீறிவிட்டேன். பின்னர் அதன் மேல் சாம்பலும் பழுப்பும் தீட்டும்போது பென்சில் பள்ளத்தில் இறங்குவதில்லை; கீறிய கோடுகள் வெள்ளை முடியாகவே நிற்கின்றன. அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளைப் பென்சிலால் முடி வரைந்துகொள்ளலாம் என்று நினைத்தால் அது நடக்காது, வெறும் மங்கலான சாம்பல்தான் கிடைக்கும்.

தோல் நிறத்துக்குத்தான் அதிக நாள் பிடித்தது. 'தோல் நிறம்' என்று நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் பென்சில் இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறம்; எங்கள் வீட்டில் யாருடைய தோலும் அந்த நிறத்தில் இல்லை. 'சதை' என்று பொருள்படும் பெயரில் விற்ற அத்தகைய நிறத்தை அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் 1962-இலேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் பேச்சில் அந்தப் பெயர் இன்னும் மாறவில்லை. பழுப்புப் பென்சில் ஒன்றை மட்டும் எடுத்து நிரப்பினாலும் முகம் மண்பொம்மையாகிவிடுகிறது, என் முதல் முயற்சியில் நேர்ந்ததும் அதுதான். இம்முறை அடியில் யானைத் தந்தத்தின் நிறமும் காவி மஞ்சளும், அதன் மேல் செம்பழுப்பு, நிழல்களில் அவுரி நீலமும் கருஞ்சிவப்பும், மீண்டும் செம்பழுப்பு, கடைசியாகக் கரும்பழுப்பு என்று ஒவ்வொன்றையும் காற்றுப்படுவது போல் மெல்ல ஏற்றினேன். கறுப்பைத் தொடவே இல்லை. ஏழாவது அடுக்கு வரை முகம் திட்டுத் திட்டாக, பார்க்கப் பிடிக்காத நிலையில் இருந்தது. ஒன்பதாவது அடுக்கில் கன்னம் திடீரென்று உருண்டு எழுந்தது.

அவருடைய காதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்டட்டி என்ற கனத்த காதணியின் பாரத்தில் தோள் வரை இறங்கியிருந்த அந்தக் காதுமடலை ஒரு தோல்கயிறு போல வரைந்துவிட்டால் உயிர் போய்விடும். மடலின் உள் விளிம்பில் ஒளி ஊடுருவி ஒரு மெல்லிய சிவப்பு ஓடியது. தங்கத்துக்குத் தங்கநிறப் பென்சிலைப் பயன்படுத்தவில்லை. காவி மஞ்சளையும் கரும்பழுப்பையும் மிக அருகருகே வைத்து, ஒளி தெறிக்கும் மூன்று இடங்களில் தாளின் வெண்மையை அப்படியே விட்டேன். தண்டட்டியின் அடிப்பக்கத்தில் கழுத்தின் கருமை பிரதிபலித்தது, கழுத்திலோ தண்டட்டியின் மஞ்சள் ஒரு நகக்கீறல் அளவுக்கு விழுந்திருந்தது. அந்த இரண்டையும் வைத்த பிறகே உலோகம் உலோகமாகத் தெரிந்தது. அந்தக் காதுக்கு மட்டும் ஆறு மாலைப்பொழுதுகள் ஆயின.

மே மாதப் புழுக்கத்தில் கைவியர்வை பட்டதால் சேலையின் ஓரத்தில் நிறம் இழுபட்டது. ஒட்டுநாடாவை அந்த இடத்தில் லேசாக வைத்து, மேலே பென்சிலால் மெல்ல அழுத்தி எடுத்தபோது அந்த நிறம் மட்டும் உரிந்து வந்தது. அதன் பிறகு எப்போதும் கைக்கடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டு நடுவில் படம் முடிந்தது. ஏறத்தாழ ஐம்பது மணி நேரம் உழைத்திருப்பேன். கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடையில் அட்டை கொடுத்துச் சட்டமிட்டு, வெயில் நேரே படாத கிழக்கு அறையில் மாட்டினேன். அத்தை வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க ஆத்தா கோவமா இருக்கையில வாயை இப்படித்தான் வச்சிருப்பா" என்றார். புகைப்படத்தில் அப்பத்தா கோபமாக இருந்தார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

இப்போது தாத்தாவின் பழைய புகைப்படத்தை எடுத்து வைத்திருக்கிறேன். கோட்டை மாற்றி, தந்த நிறத்தில் முதல் அடுக்கும் போட்டாகிவிட்டது. உதட்டின் வெற்றிலைச் சிவப்புக்காக ஆறு சிவப்புகளை ஒரு தாளில் தீட்டி, பாதியை மூடி, மேற்குச் சன்னலில் ஒட்டியிருக்கிறேன். மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்த பிறகுதான் உதட்டைத் தொடப்போகிறேன்.