முயலின் குடல்வால்: வாய்மொழித் தேர்வில் நான் தவறவிட்ட கேள்வி

விலங்கியல் முதுகலை வாய்மொழித் தேர்வு. "முயலோட குடல்வாலுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். "பயனில்லாம மிஞ்சிப்போன உறுப்பு" என்றேன். மனிதனுக்குப் படித்ததை அப்படியே முயலுக்கு ஒட்டிவிட்டேன். மனிதக் குடல்வாலிலும் நிணத்திசு (நோய் எதிர்ப்புச் செல்கள் நிறைந்த திசு) உண்டு என்பதால், அந்தப் பதில் அங்கேகூட முழுச் சரியில்லை. முயலுக்கோ அடியோடு தப்பு.

எங்கள் ஊர் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை. வீட்டிலும் பள்ளியிலும் தமிழ், கல்லூரியில் மலையாளம் கலந்த ஆங்கிலம். புரியாததை மனப்பாடம் செய்தே ஓட்டியிருந்தேன். தேர்வு முடிந்த ஞாயிறு, முயல் வளர்த்துக் கறிக்கு விற்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய், கழித்துப் போடும் குடலைக் கேட்டேன். "என்ன கண்ணு, இதை வெச்சு என்ன பண்ணப் போற?" என்றபடியே வாழையிலையில் போட்டுக் கொடுத்தார்.

சிறுகுடல் முடியும் இடத்தில் உருண்டையாய் ஒரு வீக்கம், சாக்குலஸ் ரொட்டண்டஸ். அதுவும் நிணத்திசுதான். அதையடுத்து சீக்கம், அதாவது பெருங்குடலின் தொடக்கப் பகுதி. இரைப்பையைவிடச் சுமார் பத்து மடங்கு கொள்ளும் பை. சுவர் மெல்லிசு. உள்ளிருக்கும் பச்சைக் கூழும் சுருள் மடிப்பும் வெளியிலேயே தெரிந்தன. அதன் மூடிய முனையில் வெளிறிய விரல்போல நீண்டது குடல்வால். பத்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தேன். சீக்கத்தில் வெளிச்சம் ஊடுருவியது, குடல்வாலில் இல்லை. குறுக்கே நறுக்கினால் நடுவில் சின்னத் துளை, சுற்றிலும் தடித்த சுவர். அந்தத் தடிப்பு முழுக்க நெருக்கியடித்த நிணத்திசு முடிச்சுகள்தான். இதை ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தால் தேர்வில் படம் தானாக வரும்.

குடல்வாலுக்கு வேலை இரண்டு. பைகார்பனேட் நிறைந்த நீரைச் சுரந்து, சீக்கத்தில் நொதிப்பதால் வரும் அமிலத்தைத் தணிப்பது ஒன்று. தேர்வில் அதைச் சுருக்கமாக எழுதினால் போதும்.

மதிப்பெண் மற்றதில் இருக்கிறது. பி செல்கள் என்பவை கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) உண்டாக்கும் வெள்ளை அணுக்கள். முயலின் பி செல்களில் பெரும்பாலானவை, எதிர்ப்பொருளின் ஒரு பகுதியை அமைக்கும் ஒரே விஎச்1 ஜீனை எடுத்துக்கொண்டே பிறக்கின்றன. எல்லாம் ஒரே சாயலில் இருந்தால் விதவிதமான கிருமிகளை எப்படி அடையாளம் காணும்? குட்டி வளரும் முதல் வாரங்களில் அவை குடல்வால் போன்ற குடல் நிணத்திசுக்களுக்கு வந்து பெருகுகின்றன. அங்கே ஜீன் கன்வெர்ஷன் (பக்கத்து ஜீன்களின் துண்டுகளை நகலெடுத்துச் செருகுவது), பிறழ்வு இரண்டாலும் எதிர்ப்பொருள்களின் வகை கூடுகிறது. இதற்குக் குடல் பாக்டீரியாவும் வேண்டும். பிறந்தவுடன் குடல்வாலின் வாயைக் கட்டி, பாக்டீரியா நுழையாமல் செய்த குட்டிகளில் முடிச்சுகள் சரியாக வளரவில்லை. பாசில்லஸ் சப்டிலிஸ், பாக்டீராய்ட்ஸ் ஃபிராஜிலிஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது வளர்ந்தன. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இதை எழுதாமல் விடாதீர்கள்.

ஒப்பிடச் சொன்னால் கோழியின் பர்சாவை, அதாவது கழிவாய்க்கு அருகிலுள்ள நிணத்திசுப் பையை எழுதுங்கள். எதிர்ப்பொருள் உண்டாக அது தேவை என்று புரூஸ் கிளிக்கும் உடன் ஆய்ந்தவர்களும் 1956-இல் காட்டினார்கள். பி செல்லின் 'பி' வந்ததும் பர்சாவிலிருந்துதான்.

படத்தில் பலர் சாக்குலஸையும் குடல்வாலையும் பக்கத்துப் பக்கத்தில் வரைந்துவிடுகிறார்கள். ஒன்று சீக்கத்தின் வாசலில், மற்றது அதன் கடைசி முனையில். இடையிலிருக்கும் சீக்கத்தைத் தாராளமாகப் பெரிதாக வரையுங்கள்.