கிளிநொச்சி முற்றத்தில் ஒரு பிரெஞ்சுப் போத்தல்

பாரிசிலிருந்து வந்த அண்ணா சோத்தேர்ன் என்ற ஒரு இனிப்பு வைன் கொண்டுவந்தார். பிரான்சின் போர்தோ நகருக்குத் தெற்கே, இந்த வைனுக்காக அறுவடைக் காலம் கடந்தும் முந்திரிகையைக் கொடியிலேயே விடுவார்கள். காலைப் பனியில் பொட்ரைட்டிஸ் என்ற பங்கசு பிடிக்கும். பகலில் வெயில் எறிக்க, பழம் சுருங்கிச் சீனி திரளும்.

போத்தல் வியர்க்கும்வரை குளிரவைத்தோம். வார்த்தால் தேன் நிறம். முதலில் எருமைத் தயிரில் வன்னித் தேன் விட்டுச் சாப்பிட்டோம். சரிவரவில்லை, தேனுக்குப் பிறகு வைன் புளித்தது. சாப்பாடு வைனைவிட இனிக்கக் கூடாது.

பிறகு அம்மா பாரைக் கருவாடு பொரித்தார். ஓரம் மொறுமொறுவென்று, உப்புப் பூத்த துண்டு. அதைக் கடித்து ஒரு மிடறு குடிக்க, அப்பப்பா! அங்கே உப்புக் கரிக்கும் ரோக்ஃபோர் சீஸோடு குடிப்பதும் இதற்குத்தான். வறுத்த மரமுந்திரிகைப் பருப்பும் நன்றாகவே சேர்ந்தது. மிச்சத்தை மூடி வைத்திருக்கிறேன், நாளைக்கும் கருவாடு இருக்கிறது.