மாட்டுங்காவில் ஒரு இலைச் சாப்பாடு

ஊரிலிருந்து அப்பா மும்பைக்கு வந்தால் கேட்வே, மெரைன் டிரைவ் எல்லாம் அப்புறம்தான். வந்த முதல் சனிக்கிழமை மதியம் மாட்டுங்காவில் சாப்பாடு. நாங்கள் இருப்பது முலுண்டில். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ லோக்கல் ரயிலில் ஏறினால் நேராக அங்கேயே இறங்கலாம். 2017 முதல் முழுக்கப் பெண்களே பணிபுரியும் ஸ்டேஷன் அது. அப்பாவுக்கு அதில் தனிச் சந்தோஷம், அறிவிப்புக் குரலைக்கூட நின்று கேட்பார்.

ஸ்டேஷனுக்குக் கிழக்கே, மார்க்கெட் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது ஏ. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண போர்டிங். 1942இல் தொடங்கியது. ரயில்வே, பேங்க், கம்பெனி என்று வேலை தேடி வந்த தமிழர்களும் பாலக்காட்டுக்காரர்களும் கன்னடக்காரர்களும் நிறைந்த பேட்டை இது. கஃபே மைசூர் 1936, ராம் ஆஷ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940 என்று வரிசையாகக் கடைகள் வந்தன. மற்ற இடங்களில் டிபன்தான் பேச்சு. ராம நாயக்கில் சாப்பாடு. ஒண்டி அறையில் தங்கி, சமைக்க அடுப்பும் நேரமும் இல்லாமல் ஆபீஸ் போனவர்களுக்குத் தினமும் வயிறார வீட்டுச் சாப்பாடு கிடைக்க வேண்டும் என்பதுதான் இப்படிப்பட்ட போர்டிங்குகளின் வேலை.

முதலில் காசு கட்டி டோக்கன் வாங்க வேண்டும். இலைச் சாப்பாடு என்றால் அளவு கிடையாது, தட்டுச் சாப்பாடு அளவோடு. பசி குறைவாக இருப்பவர் முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு மீதம் வைக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். உணவை வீணாக்கக் கூடாது என்பதில் இங்கே ரொம்பக் கண்டிப்பு. கேட்டு வாங்கு, வாங்கியதைச் சாப்பிடு, அவ்வளவுதான்.

எங்களுக்கு எதிரே காலேஜ் பையன் ஒருவன், பக்கத்தில் ஒரு குஜராத்திப் பெரியவர். யாரும் யாரையும் முன்பின் பார்த்ததில்லை. இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் நால்வரும் ஒரே மாதிரி உள்ளங்கையால் துடைத்தோம்.

முதலில் சப்பாத்தி வந்தது. அப்பா தஞ்சாவூர்க்காரர். "சாதம் எப்ப வரும்?" என்று என் காதருகில் கேட்டார். "வரும்ப்பா, அவசரமே படாதீங்க" என்றேன். இரண்டு காய், அப்பளம், ஊறுகாய். சப்பாத்தி பாதி தீரும்போதே அடுத்தது சூடாக வந்து நின்றது. பரிமாறுபவர்களின் கண்ணைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்க்கிறார்கள். இலையில் எங்கே வெறும் இடம் தெரிகிறதோ அங்கே கரண்டி நீள்கிறது. நாம் வேண்டாம் என்று கையை இலைக்கு மேல் கொண்டுபோவதற்குள் கரண்டி நின்றுவிடுகிறது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. இதெல்லாம் ஒரே நாளில் வருகிற கை இல்லை.

சாதம் வந்ததும் குழி பறித்து சாம்பாரை வாங்கிக்கொண்டார் அப்பா. ஒரு வாய் வைத்ததுமே, "வெல்லம் போட்டிருக்காங்கடா" என்றார். உடுப்பிப் பக்குவம் அப்படி. மிளகாயையும் தனியாவையும் வறுத்துத் தேங்காயோடு அரைத்து, புளியின் முனையை மழுக்கக் கொஞ்சம் வெல்லம். நம் ஊர் நாக்குக்கு முதலில் அந்தத் தித்திப்பு ஒட்டாது. சாம்பார் என்றால் தஞ்சாவூர் சாம்பார்தான் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரசத்தில் இவர்களை நான் எங்கள் வீட்டுக்குச் சமமாக வைப்பேன். தெளிவாக, மேலே கொத்தமல்லியும் கடுகும் மிதக்க, கடைசியில் தொண்டையில் மிளகு தட்டும். அப்பா டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, "தம்பி, இன்னும் கொஞ்சம் ரசம்" என்று தமிழிலேயே கேட்டார். "சாதத்துக்கா, குடிக்கவா சார்?" என்று தமிழிலேயே பதில் வந்தது. அதற்கப்புறம் அப்பா எந்த ஊர், எத்தனை வருஷம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அவரும் மங்களூர்ப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே அடுத்த மேஜைக்கு அப்பளம் வைத்தார்.

இந்த ஊரில் கல்யாணத்துக்கு முன் பல வருஷம் தனியாக இருந்தவன் நான். டப்பா சாப்பாடு, வடா பாவ், ஆபீஸ் கேன்டீன் எல்லாம் வயிற்றை நிரப்பின. ஆனால் உட்காரவைத்து, "இன்னும் கொஞ்சம் சாதம்?" என்று ஒரு மனிதர் கேட்டது இங்கேதான். தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பது அப்படி இருந்தவர்களுக்குத் தெரியும்.

வெளியே ஆட்கள் காத்திருக்கும்போதும் எங்களை யாரும் எழுந்திரு என்று அவசரப்படுத்தவில்லை. தயிர் சாதத்தை அப்பா நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டார்.

போகிறவர்கள் பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள், ஒரு மணிக்குப் போனால் வரிசை நீளும். பெரியவர்களைக் கூட்டிப்போனால் மாடிப்படி உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் டிபன் வேண்டவே வேண்டாம்.